ஏழு மூட்டை ஓரிஸ் வேர்

அத்தியாயம் 19

போன வாரம் ஆக்சிலியா வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றதோடு விட்டுவிட்டோம். ஒரு வாரமாக அந்த மனுஷர் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார், பாவம். முதலில் அவரை இறக்கிவிடுவோம்.

இறங்கியவர் பிரபாகர். பெங்களூரில் சென்ட்டுக்கும் முகக் கிரீமுக்கும் வாசனைச் சரக்கு வாங்கித் தரும் கம்பெனியின் ஆள். ஆறு வருஷத்துக்கு முன்னால் கம்பைநல்லூர்ப் பக்கம் வந்து, ஓரிஸ் என்று ஒரு கிழங்கை ஆக்சிலியாவின் கையில் கொடுத்தவர் இவர்தான்.

பொல்லாத கிழங்கு அது. மண்ணில் மூன்று வருஷம் இருக்க வேண்டும். தோண்டி, தோல் சீவி, வெயிலில் உலர்த்தி, மூட்டையில் இன்னும் மூன்று வருஷம் வைக்க வேண்டும். அதுவரை பச்சை உருளைக்கிழங்கு வாசம்தான் அடிக்கும். ஆறாவது வருஷம்தான் நிஜமான மணம் பிறக்கும். அந்த மணத்தில் ஒரு துளி சேர்த்தால்தான் மற்ற வாசனைகள் தோலில் தங்கும் என்று சென்ட் செய்கிறவர்கள் சொல்கிறார்கள்.

இந்த ஆறு வருஷத்தை நம்பித்தான் ஆக்சிலியா தன் வாழ்க்கையையே வைத்திருக்கிறாள். ஓசூரில் புருஷன் மரிய ஆனந்த் ஷிப்ட்டுக்குப் போகும்போதெல்லாம் வீட்டை வெளியே தாழ்ப்பாள் போட்டு, பூட்டிவிட்டுப் போவான். உள்ளே பெண்டாட்டி இருப்பாள். கேட்டால், "உன் நல்லதுக்குத்தான்" என்பான். ஒன்பது வருஷம் அப்படி இருந்துவிட்டு, எட்டு வயசு மகள் ஜெசிந்தாவைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பங்குச்சாமியார் முன்னிலையில் பேச்சு நடந்தது. ஆறு வருஷம் தவணை. அதற்குள் ஆக்சிலியா தன் காலில் நின்றுவிட்டால் மகள் அவளோடு இருக்கலாம். இல்லாவிட்டால் தாயும் மகளும் ஓசூருக்குத் திரும்ப வேண்டும். அப்பன் சவரியும் அதற்குத் தலையாட்டினார். வருகிற பதினைந்தாம் தேதி, மாதா திருநாளோடு தவணை முடிகிறது. இன்னும் பத்து நாள் இல்லை.

வேர் தேறிவிட்டால் கம்பெனி இங்கேயே ஓர் உலர்களம் போடும். ஆக்சிலியாதான் அதற்குப் பொறுப்பு. அப்புறம் யாரும் அவளை ஓசூருக்கு அனுப்ப முடியாது.

போதும், காரிலிருந்து இறங்கியவர் வெயிலில் நிற்கிறார்.

"வாங்க சார், வாங்க. காப்பித்தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள் ஆக்சிலியா. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கட்டிய நீலச் சேலையைக்கூட மாற்றவில்லை.

"முதல்ல சரக்கைப் பாத்துடலாம் மேடம். ஆறு வருஷமாக் காத்திருக்கேன்."

"நான் மட்டும் என்னங்க, தூங்கிட்டா இருந்தேன்?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயத்தில் இனி அது வராது.

தம்பி டேவிட்ராஜ் கொட்டகையிலிருந்து ஒரு மூட்டையை முதுகில் சுமந்து வந்து இறக்கினான். முகம் வேர்த்திருந்தது. சவரி பின்னாலேயே வந்து, கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்தார். வயசு அறுபத்தெட்டு. நாற்பது வருஷம் மஞ்சள் போட்ட மனுஷர். வேஷ்டி, விரல், நகம் எல்லாம் மஞ்சள்தான்.

"மாசா மாசம் மோந்து பாக்குறேன் சார்," என்றாள் ஆக்சிலியா. "போன கோடையில இருந்து லேசா வருது. முகப் பவுடர் டப்பாவத் தொறந்த மாதிரி."

பிரபாகர் ஒரு வேரை எடுத்தார். கத்தியால் குறுக்கே வெட்ட முயன்றார். கத்தி வழுக்கியது. இரண்டாம் தடவை அழுத்தியதும் டக்கென்று இரண்டாகத் தெறித்தது. வெட்டிய இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெள்ளையாகச் சுண்ணாம்புக்கட்டி போல உதிர வேண்டிய இடம், பழுப்பாக, கண்ணாடி மாதிரி பளபளத்தது.

அதை முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"அடுத்த மூட்டை," என்றார்.

அடுத்ததும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. ஏழாவது மூட்டை வந்தபோது அவர் மூக்கருகே கொண்டுபோகவே இல்லை, நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார்.

"மேடம், இதுல மஞ்சள் வாசனை வருதே?"

"மஞ்சளா?" ஆக்சிலியா பிடுங்கி முகர்ந்தாள். ஒன்றும் தெரியவில்லை. தம்பியிடம் நீட்டினாள். அவனுக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? பிறந்தது மஞ்சள் களத்தில், வளர்ந்தது மஞ்சள் தூசியில். மஞ்சளுக்கு வாசனை உண்டு என்பதே அந்த வீட்டு மூக்குகளுக்கு மறந்துபோய் வெகுகாலம் ஆகிறது.

"இதை யாராவது வேக வெச்சீங்களா?" என்று கேட்டார் பிரபாகர்.

"வேக வெக்கிறதா! என்னங்க சார், தண்ணி படக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. ஈரக்கையோட மூட்டையத் தொட்டா நான் வைவேன். வேணும்னா இவனக் கேளுங்க."

டேவிட்ராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது கட்டிலில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. சவரிதான். முகமெல்லாம் பெருமை.

"பெரிய மூக்குக்காரரா இருக்கீங்களே சார்! நாலு தடவ சாம்பல் போட்டுத் தேச்சேன், அப்படியும் கண்டுபுடிச்சிட்டீங்க பாருங்க."

"எதத் தேச்சீங்க, அப்பா?" என்றாள் ஆக்சிலியா.

"கொப்பரையத்தான் ஆத்தா. பக்கத்துக் களத்து மாது மஞ்ச வேக வெப்பானே, அந்தக் கொப்பரை."

அவள் மூட்டையையும் அப்பனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாப்பாவுக்கு டெங்கு வந்து நீ தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில இருந்தியே, பதினோரு நாளு, நெனப்பிருக்குதா? அந்தப் பதினோரு நாளும் இங்க அடமழை. வெயிலே கண்ணுல படல. கொட்டகையில போய்ப் பாத்தா கெழங்கு பூராப் பூசணம். எம் பொண்ணு மூணு வருஷம் பாடுபட்டது போச்சேன்னு எனக்குப் படபடன்னு வந்துருச்சு. நீயோ அங்க புள்ளையோட அழுதுட்டு இருக்குற. உங்கிட்ட எப்படிச் சொல்றது? வேக வெக்காத கெழங்கு எங்கயாச்சும் நிக்குமா? மழை விட்ட அன்னைக்கே கொப்பரையக் கேட்டு வாங்கி, நானும் தம்பியுமா ஏழு மூட்டையும் பதமா வேக வெச்சு, களத்துல காயப்போட்டு, மறுபடி மூட்டையில கட்டிட்டோம். அதுக்கப்புறம் ஒரு வண்டு உண்டா, ஒரு பூசணம் உண்டா? தெறமா இருக்குதா இல்லையான்னு சாரே சொல்லட்டும்!"

மூன்று வருஷமாக இந்தப் பாராட்டுக்காகக் காத்திருந்திருக்கிறார் மனுஷர். எப்போது சொல்வது என்று பார்த்துப் பார்த்து, கம்பெனிக்காரர் வரும் நாளுக்கென்று பொத்தி வைத்திருந்திருக்கிறார். மஞ்சளை வேக வைப்பதில் அந்தச் சுற்று வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தெரிந்த வேலையை மகளுக்காக உயிரைக் கொடுத்துச் செய்திருக்கிறார். அவரை எதைச் சொல்லித் திட்டுவது, நீங்களே சொல்லுங்கள்.

பிரபாகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெரியவரே, நீங்க நல்லதுன்னு நெனச்சுதான் செஞ்சிருக்கீங்க. ஆனா வேக வெச்சா உள்ள இருக்குற மாவு பசையாகி இறுகிடும். காத்து உள்ள போகாது. காத்து போனாத்தான் மணம் உண்டாகும்." ஆக்சிலியா பக்கம் திரும்பினார். "வேக வெச்ச அன்னைக்கே இது முடிஞ்சுபோச்சு மேடம்."

"இன்னும் ஒரு வருஷம் வெச்சுப் பாக்கலாங்களா சார்?"

"பத்து வருஷம் வெச்சாலும் இப்படித்தான் இருக்கும்."

"வயல்ல மறுபடி நட்டது நிக்குதுங்க. அத வேணும்னா..."

"அதத் தோண்டி, இன்னும் மூணு வருஷம் வைக்கணும். உங்க மண்ணுல மணம் வரும்னு இன்னைக்கு நான் காட்டலன்னா கம்பெனி இந்தப் பக்கமே வராது." அவருக்கும் மனசு கேட்கவில்லை போலும், கார்க் கதவில் கை வைத்தபடி நின்றார். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தர்மபுரியிலதான் இருப்பேன். வேக வைக்காத வேர் ஒரு கைப்பிடி, ஒரே ஒரு கைப்பிடி இருந்தாப் போதும். தேடிப் பாருங்க. கொண்டுவந்தா நான் பேசுறேன்."

கார் போய்விட்டது. காப்பி அடுப்பிலேயே ஆறிக் கிடந்தது.

சவரி இன்னும் கட்டிலில்தான் இருந்தார். சிரிப்பு மட்டும் முகத்தில் எங்கே போவது என்று தெரியாமல் பாதியில் நின்றிருந்தது. "என்ன ஆத்தா, அந்தாளு அப்படிச் சொல்லிட்டுப் போறாரு?"

"அப்பா." ஆக்சிலியா கட்டிலுக்கு எதிரே வந்து நின்றாள். "உன்ன யாரு வேக வெக்கச் சொன்னாங்க?"

பிறந்ததிலிருந்து அப்பனை நீங்க என்றுதான் கூப்பிடுவாள். அன்று நீ என்றாள். அது சவரிக்கு உறைத்தது. அதற்குப் பிறகுதான் மற்றதும் மெதுவாக உறைத்தது.

"பூசணம் புடிச்சிருந்துச்சே ஆத்தா..."

"புடிச்சா புடிச்சுட்டுப் போவுது! துணியில தொடச்சுக் காயப்போட்டா போச்சு! ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் பண்ண முடியலையா உன்னால? ஒரே ஒரு போன்!" அவள் கத்தியது ரோடு வரை கேட்டிருக்கும். அப்புறம் தம்பி பக்கம் திரும்பினாள். "டேய், உனக்குத் தெரியும். தண்ணி படக்கூடாதுன்னு உனக்கு நூறு தடவ சொல்லியிருக்கேன். நீயும் சேந்துதானேடா கொப்பரையில கொட்டுன?"

"கொட்டுறப்ப எனக்குத் தோணலக்கா," என்றான் டேவிட்ராஜ். "நீ வந்து மூட்டைய மோந்து பாத்துட்டு, காய வெச்சது நல்லா வந்திருக்குதுன்னு சந்தோஷப்பட்டே பாரு, அப்பத்தான் எனக்குத் திக்குன்னு ஆச்சு. சொல்லலாம்னு வருவேன். நீ மாசா மாசம் மூட்டையத் தொறந்து கண்ண மூடிட்டு மோப்பே. லேசா வருதுடாம்பே. எப்படிக்கா சொல்றது?"

"மூணு வருஷம் பாத்துட்டே இருந்தியா?"

"ஒருவேள வந்துருமோன்னு நானும் நெனச்சேங்க்கா."

அவனுக்குப் பயம். அவ்வளவுதான் விஷயம். வேறு ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தாலாவது ஆக்சிலியாவுக்கு அடிக்க ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். ஏழு மூட்டையையும் தரையில் கொட்டினாள். ஒவ்வொரு வேராக எடுத்து, அரிவாள்மனையில் அறுத்து, அறுத்த இடத்தைப் பார்த்தாள். பழுப்பு, பளபளப்பு. தூக்கி ஒரு பக்கம் போட்டாள். அடுத்தது. அதுவும் பழுப்பு. கொப்பரைக்குத் தப்பின வேர் ஒன்றாவது கிடைக்காதா? அடுக்கும்போது கொட்டகை மூலையில் ஒன்று உருண்டு போயிருக்காதா? மூட்டைத் தையலுக்குள் ஒன்று மாட்டியிருக்காதா?

டேவிட்ராஜ் மாதுவின் களத்துக்கே போய், கொப்பரை வைத்திருந்த இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தான்.

கொஞ்ச நேரத்தில் சவரி இன்னொரு அரிவாள்மனையைக் கொண்டுவந்து மகளுக்கு எதிரே உட்கார்ந்தார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு பேரும் அறுத்துக்கொண்டே இருந்தார்கள். மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை. மூன்று மணி வாக்கில் ஆக்சிலியாவின் விரலில் ஆழமாக வெட்டியது. முந்தானையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு மறுபடி அறுத்தாள்.

"எனக்குப் பதமா வேக வெக்கத்தான் தெரியும் ஆத்தா," என்றார் சவரி திடீரென்று. "வேற என்ன தெரியும் எனக்கு? உன்ன ஓசூர்ல கட்டிக் குடுத்ததும் நான்தான். சாமியாருகிட்ட தவணைக்குத் தலையாட்டுனதும் நான்தான். இப்ப நானே கையப் புடிச்சு அவன் வூட்டுல கொண்டுபோய் விட்ட மாதிரி ஆயிருச்சே."

அவர் அழுதார். கிழவர் அழுவதைப் பார்க்க ஆக்சிலியாவுக்கு இரக்கம் வரவேண்டும். வரவில்லை. அன்றைக்கு அவளிடம் யாருக்கும் கொடுக்க ஒன்றும் மிச்சம் இல்லை. கோபம்கூடத் தீர்ந்துவிட்டது.

ஐந்தரை மணிக்கு ஏழு மூட்டையும் முடிந்தது. வெள்ளையாக ஒன்றுகூட இல்லை.

மாசத்துக்கு ஒரு சனி, ஞாயிறு ஜெசிந்தா ஓசூரில் அப்பாவோடு இருப்பாள். அதுவும் அந்தப் பேச்சில் போட்ட ஏற்பாடுதான். கிருஷ்ணகிரி வந்து, காரிமங்கலத்தில் பஸ் மாறி, ஆறு மணிக்குக் கம்பைநல்லூரில் இறங்கினாள். டேவிட்ராஜ் வண்டியில் போய்க் கூட்டி வந்தான். வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. பதினாலு வயசுப் பெண் பையை வாசலில் போட்டுவிட்டு ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

ஆக்சிலியா மகளின் தோளில் முகத்தைப் புதைத்தாள். ஒரு மூச்சு இழுத்தாள்.

சட்டென்று தலையைத் தூக்கினாள்.

"என்ன சோப்புடி போட்ட?"

"சோப்பா? எப்பவும் போடுறதுதாம்மா."

ஆக்சிலியா மகளின் துப்பட்டாவைப் பிடித்து முகர்ந்தாள். பிறகு இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அழுத்திக்கொண்டாள். முகப் பவுடர் மாதிரி மெத்தென்று ஒரு மணம், அதன் அடியில் லேசாகப் பச்சைக் கேரட் வாசம். ஆறு வருஷத்துக்கு முன்னால் பிரபாகர் சின்ன பாட்டிலில் கொண்டுவந்து காட்டிய அதே மணம். மாசா மாசம் மூட்டைக்குள் வருகிறது என்று அவள் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்ட மணம் இல்லை இது. இது நிஜம்.

"இது எப்படி உம்மேல வந்துச்சு? சொல்லு கண்ணு, எங்க போன, என்ன தொட்ட?"

"எங்கயும் போகலம்மா. ஓசூர்ல என் துணியெல்லாம் பீரோவுலதானே இருக்குது. அதுக்குள்ள அந்தச் செபமாலை தொங்குது. ரெண்டு மூணு மாசமா பீரோவத் தொறந்தா வூடே மணக்குதும்மா."

"எந்தச் செபமாலை?"

"நான் கோத்ததும்மா! ஆஸ்பத்திரியில. நீ என் கட்டில் பக்கத்துல உக்காந்து, பையில மிச்சம் இருந்த பொடிக் கெழங்கத் தோல் சீவிட்டு இருந்தியே. காச்சல் விட்டப்புறம் நான் அதுல ஓட்ட போட்டு நூல்ல கோத்தேன். அம்பத்து மூணு மணி. அப்பா பாக்க வந்தப்ப அவர் கழுத்துல போட்டுவிட்டேன். நீகூடச் சிரிச்ச."

ஆமாம், சிரித்தாள். குழந்தை பிழைத்த சந்தோஷத்தில் அந்த மனுஷனைப் பார்த்துக்கூடச் சிரித்தாள். அப்புறம் அந்தச் செபமாலையை அடியோடு மறந்துவிட்டாள்.

கொப்பரைக்குத் தப்பிய அம்பத்து மூன்று வேர்த் துண்டுகள், மூன்று வருஷமாக ஓசூரில் ஒரு பீரோவுக்குள் ஒழுங்காக முதிர்ந்திருக்கின்றன. அவள் மண் சரி, அவள் கைப்பக்குவம் சரி, ஆறு வருஷக் கணிப்பும் சரிதான். ஐயோ, எல்லாமே சரியாகத்தான் இருந்திருக்கிறது! தோற்றுவிட்டோம் என்று தெரிந்தபோது வராத அழுகை, இப்போது வந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

சவரி சுவரைப் பிடித்தபடி வந்து நின்றார். "அந்த மாலை போதுமா ஆத்தா? அந்த சார் கேட்ட கைப்பிடி அது போதுமா?"

"போதும் அப்பா." ஆக்சிலியா மகளின் கையைப் பிடித்தாள். "எடுத்துட்டு வந்திருக்கியா கண்ணு? பையில இருக்குதா?"

ஜெசிந்தா தலையை ஆட்டினாள். இல்லை.

"கேட்டேம்மா. இன்னைக்குக் கம்பெனிக்காரர் வர்றாருன்னு அப்பாகிட்டச் சொன்னேன். அந்த மாலையையும் எடுத்துட்டுப் போறேன்னு சொன்னேன். அப்பா அத எடுத்து ரொம்ப நேரம் மோந்து பாத்தாரு. மறுபடி உள்ள வெச்சு, பீரோவப் பூட்டி, சாவிய அவர் பேன்ட்டுப் பையில போட்டுக்கிட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"வேணும்னா உங்கம்மா வந்து எடுத்துக்கட்டும்னு."

"அக்கா, நான் போறேன்," என்று டேவிட்ராஜ் வண்டிச் சாவியை எடுத்தான். "ரெண்டு மணி நேரத்துல போயிருவேன். கால்ல விழுந்தாவது வாங்கிட்டு வர்றேன். நான் செஞ்ச தப்பு, நானே போறேங்க்கா."

"மாமா போனாலும், தாத்தா போனாலும் குடுக்க மாட்டாராம்," என்றாள் ஜெசிந்தா. சொல்லப் பிடிக்காத குரலில் சொன்னாள். "நாளைக்கு அப்பாவுக்கு லீவு. அம்மாதான் வரணுமாம். ஒத்தையா வரணுமாம்."

கொட்டகை வாசலில் அறுத்துப்போட்ட வேர்கள் குவிந்து கிடந்தன. சவரி அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாளை மத்தியானத்துக்குள் மாலை பிரபாகர் கைக்குப் போக வேண்டும். காலையில் முதல் பஸ் பிடித்தால் ஒன்பது மணிக்கு ஓசூர். அந்த வாசல். அந்தப் பீரோ. பத்து நிமிஷ வேலை. ஆக்சிலியா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். விரலில் சுற்றிய துணியிலிருந்து ரத்தம் கன்னத்தில் பட்டது. அது அவளுக்குத் தெரியவில்லை.

"கண்ணு, ஒண்ணு கேக்குறேன். அந்த வூட்டு வாசக் கதவுல வெளிப்பக்கம் ஒரு தாப்பாள் இருக்குமே. இன்னும் இருக்குதா?"

ஜெசிந்தா அம்மாவின் கண்ணைப் பார்க்காமல் துப்பட்டா நுனியைச் சுருட்டினாள்.

"பழசு இல்லம்மா. போன வாரம்தான் புதுசு மாத்தினாரு. அதவிடக் கொஞ்சம் பெருசு."